குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டு

பொரித்து ஒரு நாளான கோழிக்குஞ்சின் நிறை சுமார் 40 கிராம். ஓட்டை உடைத்து வெளியே வருமுன் மிச்ச மஞ்சட்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால், இரண்டு நாள்வரை தீனியும் தண்ணீரும் இல்லாமல் அதனால் தாக்குப்பிடிக்க முடியும். குஞ்சு வியாபாரமே இந்த இரண்டு நாளை நம்பித்தான் நடக்கிறது. கீழ்நாட்டுப் பொரிப்பகத்தில் பெட்டியில் அடைபட்ட குஞ்சுகள் வேனிலும் பஸ்ஸிலும் ஏறி ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் வந்து சேர்கின்றன. துளை போட்ட அட்டைப் பெட்டி, உள்ளே நான்கு அறை, அறைக்கு 25 குஞ்சு. மூடியைத் திறந்து காட்டும் கடைக்காரர், "ஊசி போட்ட குஞ்சு, பயப்படாமக் கொண்டு போங்க" என்பார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்த நோய்க்குப் போட்ட ஊசி, அது எத்தனை நாளைக்குக் காக்கும், அடுத்தது எப்போது என்ற மூன்று கேள்விகளை யாரும் கேட்பதில்லை. வாங்கிப் போன பத்துக் குஞ்சில் எட்டு, சில மாதம் நன்றாக வளர்ந்து, முட்டையிடும் பருவத்துக்கு வரும்போது ஒரே வாரத்தில் தூங்கித் தூங்கிச் சாகும். "சீக்கு வந்திருச்சு" என்பதோடு கதை முடிந்துவிடும்.

அந்தச் சீக்கு பெரும்பாலும் ராணிகெட். தமிழ்நாட்டில் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். 1926 இல் ஜாவாத் தீவிலும், அதையொட்டி இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இந்த நோய் அடையாளம் காணப்பட்டது. டொய்ல் என்ற கால்நடை ஆய்வாளர் 1927 இல் அதை விவரித்து நியூகாசில் நோய் என்று பெயரிட்டார். அதே காலத்தில் இந்தியாவின் குமாவோன் மலையிலுள்ள ராணிகெட் என்ற ஊரிலும் கோழிகள் கொத்துக்கொத்தாக மடிந்தன. நம் பக்கத்தில் அந்த ஊரின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. தடுப்பில்லாத மந்தைக்குள் கடுமையான வகை புகுந்துவிட்டால் மந்தை முழுவதையும் வாரிக்கொண்டு போகக்கூடியது அது. வாயைப் பிளந்து மூச்சு வாங்குதல், பச்சையும் வெள்ளையுமாகக் கழிதல், கடைசியில் கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவற்றைக் கோழி வளர்த்த எந்த வீட்டாரும் பார்த்திருப்பார்கள்.

இதற்கு ஒரு கூட்டாளியும் உண்டு. 1931 இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஷால்க், ஹான் என்ற இருவர், குஞ்சுகள் தும்மி இருமி மடியும் ஒரு புது நோயைப் பற்றி எழுதினார்கள். அதுதான் தொற்று மூச்சுக்குழல் அழற்சி. அதை உண்டாக்குவது கொரோனா குடும்பத்து வைரஸ். மனிதர்களில் அந்தக் குடும்பம் அறியப்படுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கோழிக்குஞ்சில் அறியப்பட்டுவிட்டது. 2020 இல் உலகமே அறிந்துகொண்ட சொல்லைக் கோழிப்பண்ணைக்காரர்கள் தலைமுறைகளாக அறிந்திருந்தார்கள். அந்த வைரஸுக்கு எதிரான தடுப்பு மருந்தைக் குஞ்சுகளுக்குத் தெளித்தும் வந்தார்கள்.

கோழியின் மூச்சு நம் மூச்சைப் போன்றதல்ல. அதற்கு உதரவிதானம் கிடையாது. நுரையீரல் விலா எலும்போடு ஒட்டியிருக்கும், நம்முடையதைப் போல விரிந்து சுருங்காது. காற்றை இழுத்துத் தள்ளும் வேலையை ஒன்பது காற்றுப் பைகள் செய்கின்றன. சில பைகளின் கிளைகள் எலும்புக்குள்ளேயே நீண்டிருக்கும். பறப்பதற்கு ஏற்ற இந்த அமைப்புதான் நோய்க்கும் வழியாகிறது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் தூசியையும் கிருமியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். வைரஸ் அந்த மயிர்களை அழித்துவிட்டால், சாதாரணமாகத் தீங்கு செய்யாத பாக்டீரியாகூட நேராகக் காற்றுப் பைக்குள் இறங்கிச் சீழ் பிடிக்க வைக்கும். நுண்ணுயிர்க் கொல்லி மருந்து அந்தப் பாக்டீரியாவோடு வேண்டுமானால் போராடும். வைரஸை அது தொடாது. பாமசியில் வாங்கிய மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் கலந்து கொடுப்பவர்கள் இதை அறிய வேண்டும்.

ஆகவே காவலை வாசலிலேயே போட வேண்டும் என்பதுதான் குஞ்சுத் தடுப்பு மருந்தின் அடிப்படை. கண், மூக்கு, மூச்சுக்குழாய் ஆகியவையே வைரஸ் நுழையும் வாசல்கள். கோழியின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டர் சுரப்பி என்று ஒன்று உண்டு. எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் உயிரணுக்கள் அதில் நிறைய இருக்கின்றன. கண்ணில் விழும் சொட்டு அந்தச் சுரப்பியை எழுப்பிவிடும். பிறகு கண்ணிலிருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கி அங்கேயும் காவலை நிறுத்தும்.

இன்னொரு காரணமும் உண்டு. தாய்க்கோழிக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் அது மஞ்சட்கரு வழியாகக் குஞ்சின் இரத்தத்துக்கு வந்திருக்கும். முதல் வாரங்களில் குஞ்சைக் காப்பது அதுதான். ஆனால் நான்கைந்து நாளுக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்து, சில வாரங்களில் அது தீர்ந்துபோகும். இருக்கும்வரை, ஊசியில் போகும் மருந்தையும் எதிரி என்று நினைத்து முறித்துவிடும். கண்ணிலும் மூக்கிலும் படும் மருந்தை அந்த அளவுக்கு முறிப்பதில்லை. அதனால்தான் பிறந்து சில மணி நேரமே ஆன குஞ்சுக்கும் சொட்டாகவோ தெளிப்பாகவோ கொடுக்க முடிகிறது.

பெரிய பொரிப்பகங்களில் இந்த வேலையை இயந்திரம் செய்கிறது. நூறு குஞ்சு கொண்ட பெட்டி ஒரு சிறு கூண்டுக்குள் நுழைந்ததும் மேலிருந்து மருந்து தெளிக்கப்படும். தெளிப்பின் துளி பெரியதாக இருக்க வேண்டும் என்பது இங்கே முக்கியமான சங்கதி. ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாத துளியென்றால் கண்ணிலும் மூக்கிலும் இறகிலும் தங்கும். அதைவிடப் பொடியாகப் பனிபோலத் தெளித்தால் மருந்து நேரே நுரையீரலின் ஆழத்துக்குப் போய், உயிருள்ள தடுப்பு வைரஸே குஞ்சை இருமவும் இளைக்கவும் வைத்துவிடும். சில பொரிப்பகங்கள் மருந்தில் நிறம் சேர்க்கின்றன. பக்கத்துக் குஞ்சின் முதுகில் மின்னும் நிறத்துளியைக் கண்டதும் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தி அந்த மருந்தை உட்கொள்ளும். எந்தப் பெட்டிக்கு மருந்து பட்டது என்று வேலையாளுக்கும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். தடுப்பூசிக்கு முட்டையும் தப்பவில்லை. அடை வைத்த 18 ஆம் நாளில் ஓட்டில் நுண்துளையிட்டுக் கருவுக்கே மருந்து செலுத்தும் இயந்திரம் 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. ஆயிரங்களிலும் லட்சங்களிலும் குஞ்சு பொரிக்கும் இடத்துக்கே அது கட்டுப்படியாகும்.

மேலே சொன்ன கடைக்காரரின் ஊசிக்கு இப்போது வரலாம். பொரிப்பகத்தில் முதல் நாள் கழுத்துத் தோலுக்கடியில் போடும் ஊசி, வழக்கமாக மாரெக் என்ற வேறொரு நோய்க்கானது. தெளித்தது மூச்சுக்குழல் அழற்சிக்கானதாக இருக்கலாம். ராணிகெட்டுக்கும் சேர்த்துத் தெளித்திருந்தாலும் அந்த ஒரு தடவை ஆயுளுக்கும் போதாது. முதல் வாரத்தில் ஒரு சொட்டு, மூன்று நான்கு வாரத்தில் இன்னொன்று, பிறகு முட்டையிடும் பருவத்துக்கு முன் மறுபடியும் என்பதே பொதுவான ஒழுங்கு. நாளும் மருந்தின் வகையும் பிரதேசத்தின் நோய்நிலைமையைப் பொறுத்து மாறும். அதை மிருக வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

வகை என்று சொல்வதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. 1940களில் அமெரிக்காவில் ஹிட்ச்னர் கண்டெடுத்த பி1, நியூ ஜேர்சியில் லசோட்டா குடும்பத்தின் பண்ணையில் கிடைத்த லசோட்டா, 1952 இல் இங்கிலாந்தில் ஆஸ்ப்ளின் அறிவித்த எஃப் ஆகிய மூன்றும் இயல்பிலேயே சாதுவான வைரஸ்கள். குஞ்சுக்கு ஏற்றவை இவைதான். இந்தியாவில் முக்தேஸ்வர் ஆய்வகத்தில் உருவான ஆர்2பி அப்படியல்ல. வளர்ந்த கோழிக்கு இறக்கைக்கடியில் போடும்போது நீண்ட காவல் தரும். குஞ்சுக்குப் போட்டால் கொன்றுவிடலாம். "மருந்துதானே" என்று கிடைத்ததை வாங்கிப் போட்டு மந்தையை இழப்பது இப்படித்தான்.

பத்துக் கோழி வளர்ப்பவருக்கு ஏற்ற வழி கண்சொட்டு. கிளினிக்கில் பிள்ளைக்குப் போலியோ சொட்டு கொடுப்பதைப் பார்த்த எந்தத் தாய்க்கும் இது புதிதல்ல. ஆனால் ஒவ்வொரு படியிலும் கவனம் வேண்டும். மருந்து உலர்ந்த தூளாகக் குப்பியில் இருக்கும். அதனோடு வரும் திரவத்தைக் குளிராக வைத்துச் சேர்த்து, நுரைக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும். குப்பியை ரெஜிபோம் பெட்டியில் ஐஸுக்கு மேல் வைக்க வேண்டும். கலந்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். குஞ்சை உள்ளங்கையில் கிடத்தி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தலையைப் பிடித்து, ஒரு கண் மேலே பார்க்கும்படி சாய்க்க வேண்டும். சொட்டுப் புட்டியைச் செங்குத்தாகப் பிடித்தால்தான் சொட்டின் அளவு மாறாது. புட்டியின் முனை கண்ணில் படக்கூடாது. சொட்டு விழுந்ததும் கையை விட்டுவிடாமல், குஞ்சு ஒரு முறை கண் சிமிட்டிச் சொட்டு உள்ளே இறங்கும்வரை பொறுக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். அவசரத்தில் விட்டுவிட்டால் குஞ்சு தலையை உதறும், மருந்து தரைக்குப் போய்விடும். ஆயிரம் கோழிக்கான குப்பி சுமார் 30 மில்லிலீற்றரில் கரைகிறது. அப்படியென்றால் ஒரு சொட்டு எவ்வளவு சிறியது, அது வீணானால் எவ்வளவு இழப்பு என்பது விளங்கும்.

செய்பவரின் கண்ணுக்கும் பாதுகாப்பு வேண்டும். அவுஸ்திரேலிய விஞ்ஞானி பர்னெட் 1943 இலேயே இந்த வைரஸ் மனிதரின் கண்ணைச் சிவக்க வைப்பதைப் பதிவு செய்தார். சில நாளில் தானே ஆறிவிடும், ஆனால் கண்ணைக் கசக்காமல் கையைச் சோப்பால் கழுவுவது நல்லது.

தண்ணீரில் கலந்து கொடுப்பது இன்னும் சுலபம், ஆனால் உறுதி குறைவு. குடித்த கோழிக்குத்தான் காவல், குடிக்காததற்கு இல்லை. ஓரிரு மணி நேரம் தண்ணீர் காட்டாமல் தாகமெடுக்க வைத்து, பிறகு மருந்துத் தண்ணீரை வைக்க வேண்டும். நகரக் குழாய்த் தண்ணீரின் குளோரின் மருந்தைக் கொன்றுவிடும் என்பதால் முதலில் லீற்றருக்கு இரண்டு, இரண்டரை கிராம் கொழுப்பு நீக்கிய பால்மா கரைப்பார்கள். தோட்டத்துப் பீலித் தண்ணீரில் குளோரின் இல்லையே என்று நினைக்கலாம். ஊற்றுநீரில் கரைந்துள்ள உலோகங்களும் மருந்தைக் கெடுக்கக்கூடும், அங்கேயும் பால்மா உதவும். அன்றைக்குப் பாத்திரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

மலையின் குளிர் இதற்கெல்லாம் குறுக்கே நிற்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி விடியலில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படியும். முதல் வாரக் குஞ்சுக்குத் தேவையோ 32 முதல் 35 பாகை வெப்பம். அதனால் குஞ்சுப் பெட்டி குசினி அடுப்புக்குப் பக்கத்தில் போகும், அல்லது குண்டு பல்ப்பு எரியும் மூலையில் சாக்குப் போட்டு இறுக்க மூடப்படும். குளிர் தடுக்கப்பட்டாலும் உள்ளே அடுப்புப் புகையும் ஈர எச்சத்தின் அமோனியாவும் சேர்ந்துவிடும். நம் மூக்கில் நெடி ஏறுகிற அளவை எட்டும்போதே குஞ்சின் மூச்சுக்குழாய் மயிர்கள் சேதப்படத் தொடங்கியிருக்கும். அந்த நிலையில் உயிருள்ள தடுப்பு மருந்தைக் கொடுத்தால் குஞ்சு இருமும், தளரும். பழி மருந்தின் மேல் விழும். மருந்து கொடுத்த நான்கைந்து நாளில் இலேசாகத் தும்முவது இயல்பே. அந்த வாரம் கீழே போட்ட உமியை உலர்வாக வைத்து, மேற்பக்கம் காற்றுப்போக இடம் விட்டு, சூட்டை மட்டும் குறைக்காமல் பார்த்துக்கொண்டால் அது அடங்கிவிடும். ஏற்கெனவே நோயுற்ற குஞ்சுக்கு மருந்து கொடுக்கக் கூடாது.

இவ்வளவு தெளிவாக அறியப்பட்ட, இவ்வளவு மலிவான வழி ஒன்று இருந்தும் தேயிலைத் தோட்டத்து லயங்களில் வளரும் கோழி ஏன் சாகிறது?

முதல் காரணம் குப்பியின் அளவு. கடைக்கு வரும் குப்பிகள் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கோழிக்கானவை. ஆறு கோழி வைத்திருப்பவர் அதை வாங்கி மிச்சத்தைக் கொட்ட வேண்டும். இரண்டாவது குளிர்ச் சங்கிலி. 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டிய மருந்தை, டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து, சந்தியில் இறங்கி, டிவிஷன்வரை நடந்து கொண்டுபோக வேண்டும். மூன்றாவது காரணம் லயத்தின் அமைப்பு. ஒரே வரிசையில் பத்துப் பன்னிரண்டு காம்பரா. முதல் காம்பராக் கோழியும் கடைசிக் காம்பராக் கோழியும் ஒரே வடிகானில் மேயும். ஒருவர் மட்டும் மருந்து போட்டால், பக்கத்துக் கோழிகளில் நோய் சுற்றிக்கொண்டே இருக்கும். பண்டிகை நெருங்கும்போது சந்தையில் வாங்கி வரும் கோழி, மாடசாமிக்கு நேர்ந்துவிட வெளியிலிருந்து கொண்டுவரும் சேவல் என்று நோய் வரவும் பல வழி.

இந்த இழப்பு சிறியதல்ல. தேயிலைத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாயாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் ஒரு முட்டைக்கோழி போவது பெரிய அடி. அதைவிட முக்கியமானது தட்டில் இருந்து போவது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் மட்டும் அது 31.7 வீதம். 2023 இல் நாட்டில் முட்டைத் தட்டுப்பாடு வந்து, இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை வந்தபோது, வீட்டுக் கூட்டில் இருந்த கோழியின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. பிள்ளைக்கு நாளொரு முட்டை கொடுக்கக்கூடிய கோழியை ஒரு சொட்டு மருந்து இல்லாமல் சாகவிடுவதை ஏற்க முடியாது.

வீட்டுக் கோழிக்கு மருந்தை எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்தவர்களும் உண்டு. அவுஸ்திரேலியாவில் குவின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் பீற்றர் ஸ்பிராட்புரோ, வெப்பத்தைத் தாங்கும் சாதுவான வைரஸ்களை இதற்கென்றே ஆராய்ந்தார். முதலில் வி4, பிறகு ஐ-2. மலேசியாவில் 1980களில் வி4 மருந்தைத் தீனியில் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இலங்கையும் பின்தங்கவில்லை. ஜயவர்தன, டி அல்விஸ், பண்டார என்ற மூவர், பக்குவப்படுத்திய அரிசியில் வி4 மருந்தைச் சேர்த்துக் கோழிக்குக் கொடுத்த ஆய்வை 1990 இல் அவுஸ்திரேலியக் கால்நடை மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் புறக்கடைக் கோழிக்கென்று குருணை வடிவில் வாய்வழி மருந்தை உருவாக்கியது. கோழியைத் துரத்திப் பிடிக்க வேண்டாம் என்பது இவற்றின் வசதி. எந்தக் கோழி எவ்வளவு தின்றது என்று தெரியாதது குறை. ஆகவே கண்சொட்டே இன்றும் உறுதியானது.

மொசாம்பிக்கில் ரொபின் அல்டர்ஸ் என்ற கால்நடை வைத்தியரும் அவருடைய குழுவினரும் ஐ-2 மருந்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோன விதம் நமக்கு அதிகம் பயன்படும். உலர்ந்த தூளாக இருக்கையில் அது குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே சில வாரம் தாங்கும். ஊரிலிருந்தே ஆட்களைத் தெரிந்து பயிற்சி கொடுத்து, நான்கு மாதத்துக்கு ஒரு முறை நாள் குறித்து, ஊரிலுள்ள அத்தனை கோழிக்கும் ஒரே நேரத்தில் கண்சொட்டு கொடுத்தார்கள். தமிழ்நாட்டிலும் ஆண்டுதோறும் பெப்ரவரியில், வெயில் ஏறுமுன், கால்நடைத் துறை வெள்ளைக்கழிச்சல் முகாம் நடத்துகிறது.

இந்த முறைக்கு லயத்தைவிடப் பொருத்தமான இடம் குறைவு. நோய் பரவ வசதி செய்யும் அதே நெருக்கம் மருந்து கொடுக்கவும் வசதி. இரண்டு லயம் சேர்ந்தால் நூறு, நூற்றைம்பது கோழி தேறும், குப்பி வீணாகாது, பணமும் வீட்டுக்குச் சில்லறையாகப் பிரியும். கோழிகள் கூட்டில் அடையும் பொழுதில், அல்லது விடியலில் கூட்டைத் திறக்குமுன், ஒருவர் பிடிக்க ஒருவர் சொட்டு விட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேலை முடியும். பெரட்டுக் களத்தில் ஒரு வாரம் முன்பே அறிவித்தால் யார் வீடும் விடுபடாது. ஆராய்ச்சிக்கும் நாம் தொலைவில் இல்லை. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமும், கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையமும் இதே மத்திய மலைநாட்டில், பேராதனைப் பக்கத்திலேயே இருக்கின்றன.

குஞ்சு வாங்குபவர்கள் எந்த நோய்க்கு, எந்த நாளில் மருந்து கொடுத்தார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளோடு பக்கத்து அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போய் அடுத்த சொட்டின் நாளைக் கேளுங்கள். மருந்து ஏறி உடலில் காவல் உண்டாக இரண்டு வாரமாகும். சந்தைக் கோழி லயத்துக்குள் வரும் தீபாவளி, தைப்பொங்கலுக்கு மூன்று வாரம் முன்னதாக நாளைக் குறிப்பது நல்லது. தோட்டத்து மாதர் சங்கங்களும் தலைவர்மாரும் தோட்ட நிர்வாகமும் செய்ய வேண்டியது, டிவிஷனுக்கு இரண்டு பேரைப் பயிற்சிக்கு அனுப்புவதும், ஒரு ரெஜிபோம் பெட்டியும் ஐஸும் கொடுத்து அந்த நாளில் அவர்களுக்கு வேலையிலிருந்து விடுப்புக் கொடுப்பதும்தான். இந்த ஆண்டே அதைத் தொடங்குங்கள்.